சுண்டெலியின் பதினேழாம் ஏடு

பழஞ்சுவடிகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு ஓர் இக்கட்டு நன்கு தெரிந்திருக்கும். ஒரே அட்டைக்குள் நாலைந்து நூல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். முதலில் இருப்பது இலக்கணம். இறுதியில் இருப்பது அதன் உரை. இடையில் முதலும் முடிவும் அற்ற இருபது தாள்கள். நூலின் பெயரும் இல்லை; ஆசிரியர் பெயரும் இல்லை. அனுபவமுள்ள ஆசிரியர் அதை எடுத்துப் பார்க்கும்போது, முன்னும் பின்னும் இலக்கணமாக இருத்தலின் நடுவில் உள்ளதும் இலக்கணமாகவே இருத்தல் கூடும் என்றுதான் முதலில் எண்ணுவார். ஆயினும் அவ்வளவில் பெயர் எழுதி வைத்துவிட மாட்டார். கட்டியவன் பொருளைப் பார்த்துக் கட்டினானோ, தாளின் அளவைப் பார்த்துக் கட்டினானோ, யார் அறிவார்? ஆதலின் உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பார். வேறோர் ஊரில் பெயரோடு கிடைக்கும் பிரதியைத் தேடி வரிக்கு வரி ஒப்பிடுவார். அதன் பின்னரே அது இன்ன நூல் என்று துணிவார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயிரியல் அறிஞர்களுக்கும் இவ்வாறு பெயரிழந்த ஓர் ஏடு அகப்பட்டது. அது அகப்பட்ட இடம் சுண்டெலியின் பதினேழாம் குரோமோசோம். அங்கிருந்த மரபணு ஒரு புரதத்தை ஆக்குகிறது என்பது தெரிந்தது. அப்புரதம் யாது, அதன் பணி யாது என்பன தெரியவில்லை. அது விளங்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின; விளங்கியதை மெய்ப்பிக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. அண்டையில் இருப்பதைக் கொண்டு ஒன்றை அடையாளம் காணும் முறை எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்லும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதற்கு இவ்வரலாறு நல்லதொரு சான்று.

தொலைவை அளந்த முறை

தாய் தந்தையரின் இயல்புகள் பிள்ளைக்கு வந்து சேர்வது குரோமோசோம்கள் என்னும் நுண்ணிழைகளின் வாயிலாக என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். மனிதனுக்கு அவை 23 இணைகள். சுண்டெலிக்கு 20 இணைகள். ஒவ்வோர் இழையிலும் மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அமைந்துள்ளன. இணையில் ஒன்றைப் பிள்ளைக்கு வழங்குமுன் அவ்விரண்டு இழைகளும் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அவ்வாறு மாற்றிக்கொள்ளும்போது, அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றாகவே செல்லும். தொலைவில் இருப்பவை அடிக்கடி பிரிந்துவிடும். ஆகவே எத்தனை பிள்ளைகளில் அவை பிரிந்தன என்று எண்ணினால், அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவு புலப்படும்.

இந்த எளிய உண்மையைக் கொண்டு முதல் மரபணு வரைபடத்தை 1913இல் எழுதியவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்கன் என்ற பேராசிரியரிடம் பயின்ற ஸ்டர்டிவன்ட் என்னும் மாணவர். அவர் எடுத்துக்கொண்டது பழங்களை மொய்க்கும் சிறு ஈ. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பிரிந்தால் அத்தொலைவு ஒரு சென்டிமார்கன் என இன்று வழங்குகிறது. ஆசிரியர் மார்கனின் பெயரையே அளவுக்குச் சூட்ட முன்மொழிந்தவர் ஆங்கில அறிஞர் ஹால்டேன்.

அந்த ஹால்டேன்தான் இவ்வாராய்ச்சியைச் சுண்டெலிக்குக் கொண்டுவந்தவர். அவரும் அவருடைய நண்பர் ஸ்பிரன்ட்டும் தங்கை நவோமியும் எலிகளை வளர்த்து, வெண்ணிறத்தைத் தரும் மரபணுவும் கண்ணுக்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் மரபணுவும் சேர்ந்தே செல்கின்றன என்று கண்டனர். அக்கட்டுரை 1915இல் வெளிவந்தது. அப்பொழுது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஹால்டேன் போர்முனையில் இருந்தார். ஸ்பிரன்ட் போரில் மாண்டுவிட்டார். பாலூட்டும் உயிர்களில் மரபணுக்கள் இணைந்து செல்வதை முதன்முதலில் காட்டிய கட்டுரை அதுவேயாகும். ஹால்டேன் பின்னாளில் நம் நாட்டின் குடியுரிமையை ஏற்று, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

எலிப் பண்ணையும் இரண்டு அறிஞர்களும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்னும் சிற்றூர் உண்டு. அங்கே அபி லேத்ராப் என்ற பெண்மணி, அழகுக்காக வளர்க்கப்படும் எலிகளை விற்றுப் பிழைத்துவந்தார். அவர் கல்லூரியில் ஆராய்ச்சி பயின்றவர் அல்லர். ஆயினும் எந்த எலி எதற்குப் பிறந்தது என்று கணக்கு எழுதி வைத்தார். சில குடும்பங்களில் மட்டும் கட்டிகள் மிகுதியாக வருவதைக் கவனித்து அறிஞர்களுக்குத் தெரிவித்தார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வாழும் எலிக்குலங்கள் பலவற்றின் மூதாதையர் அவருடைய பண்ணையில் பிறந்தவை.

கிளாரன்ஸ் லிட்டில் என்பவர் 1909இல் உடன்பிறந்த எலிகளையே இணைசேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கத் தொடங்கினார். இருபது தலைமுறைக்கு மேல் இவ்வாறு செய்தால் அக்குலத்தில் பிறக்கும் எலிகள் யாவும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒரே தன்மையுடையன ஆகிவிடும். 1929இல் மேய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தை நிறுவியவரும் இவரே. 1947இல் காட்டுத்தீ பரவி அக்கூடத்தை எரித்தது. எலிகள் பெரும்பாலும் மாண்டன. முன்னர் இங்கிருந்து எலிகளைப் பெற்றுச் சென்றிருந்த வெளியூர் ஆய்வாளர்கள், அவற்றின் சந்ததிகளைத் திருப்பியனுப்பிக் குலங்களை மீட்டுக் கொடுத்தனர். நூலகம் எரிந்தபின் படியெடுத்துச் சென்றவர்களிடமிருந்து நூல்கள் திரும்பிவந்தது போன்ற செய்தி இது.

ஒரே குலத்து எலிகளில் ஒன்றின் தோலையோ கட்டியையோ மற்றொன்றுக்கு ஒட்டினால் அது நிலைத்து நிற்கும். வேறு குலத்து எலிக்கு ஒட்டினால் உதிர்ந்துவிடும். ஏன் என்று கேட்டவர்கள் இருவர். இலண்டனில் பீட்டர் கோரர், எலிகளின் இரத்தத்தில் குலத்துக்குக் குலம் வேறுபடும் ஓர் அடையாளப் பொருளை 1936இல் கண்டு அதற்கு இரண்டாம் எண் கொடுத்தார். பார் ஹார்பரில் ஜார்ஜ் ஸ்னெல், ஒட்டுத் திசுவை ஏற்பதும் மறுப்பதும் சில மரபணுக்களின் செயல் என்று காட்டி, அவற்றுக்கு எச் என்ற எழுத்தைச் சூட்டினார். இருவரும் கூடி ஆய்ந்தபோது, ஒருவர் கண்ட அடையாளமும் மற்றவர் கண்ட மரபணுவும் ஒன்றே எனத் தெரிந்தது. ஸ்னெலின் எழுத்தும் கோரரின் எண்ணும் சேர்ந்து எச்-2 என்ற பெயர் பிறந்தது. வால் எலும்புகள் ஒட்டிக் கோணலாகும் எலிக்குடும்பம் ஒன்றில், அக்குறையோடு எச்-2 சேர்ந்தே செல்கிறது என்று 1948இல் அவர்கள் வெளியிட்டனர். அதனால் எச்-2 இருக்கும் இடம் அகப்பட்டது. அவ்விடம் பதினேழாம் குரோமோசோம் எனப் பின்னர் அறியப்பட்டது. ஸ்னெலுக்கு 1980இல் நோபல் பரிசு கிடைத்தது. கோரர் 1961லேயே காலமாகிவிட்டார்.

ஒட்டுத் தோலை மறுப்பதற்காகவே இயற்கை ஒரு மரபணுவை வைத்திருக்க முடியாது. எந்த எலியும் வேறோர் எலியின் தோலை அணிந்து திரிவதில்லை. உண்மையான பணி 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் வெளிப்பட்டது. வைரஸ் புகுந்த உயிரணுவைக் கண்டுபிடித்துக் கொல்லும் காவலணுக்கள், வைரஸை மட்டும் பார்ப்பதில்லை. தம் குலத்து எச்-2 அடையாளத்தோடு சேர்த்தே பார்க்கின்றன என்று சிங்கர்நாகலும் டோகர்ட்டியும் காட்டினர். இதற்காக 1996இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். பின்வந்த ஆண்டுகளில் படம் மேலும் தெளிந்தது. உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்கள் சிறு துணுக்குகளாக அறுபடுகின்றன. எட்டு அல்லது ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட அத்துணுக்கை எச்-2 புரதம் தன் பள்ளத்தில் ஏந்தி மேற்பரப்பில் நிறுத்துகிறது. காவலணு அதைப் படித்து, இது நம்முடையதா அயலதா என்று தீர்மானிக்கிறது.

ஆனால் புரதத்தைத் துணுக்காக அறுப்பது யார்?

பெயர் தெரியாத புரதங்கள்

இக்கேள்வி முழு வடிவம் பெறுவதற்கு முன்னரே விடை ஒருவர் கையில் இருந்தது. அது விடை என்பதை அவர் அப்போது அறிய வழியில்லை. ஜான் மொனாக்கோ என்ற இளைஞர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மெக்டெவிட்டுடன் எச்-2 வட்டாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு குலத்து எலியின் அணுக்களை மற்றொரு குலத்துக்குச் செலுத்தினால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றும். அவ்வெதிர்ப்பொருளைக் கொண்டு அணுச்சாற்றிலிருந்து புரதங்களை வடித்தபோது, எதிர்பார்த்த பெரிய புரதங்களோடு எடை குறைந்த புரதங்கள் பல வந்தன. 1982இல் அவர்கள் இதை வெளியிட்டனர். குலத்துக்குக் குலம் அவற்றில் சிறு வேறுபாடு இருந்தது. அவ்வேறுபாட்டைப் பின்பற்றி, எச்-2 வட்டாரத்துக்குள் துண்டு மாறிய எலிகளில் தேடியபோது, அவற்றை ஆளும் மரபணு அவ்வட்டாரத்திலேயே இருப்பது புலனாயிற்று. இச்சிறு புரதங்கள் தனித்தனியே திரியாமல் ஒன்றுகூடி ஒரு பெருந்திரளாக நிற்கின்றன என்று 1984இல் அறிவித்தனர்.

பெயர் வைக்க வேண்டுமே! பணி தெரியாத பொருளுக்குத் தோற்றத்தைக் கொண்டுதான் பெயர் வைக்க முடியும். எடை குறைந்த புரதம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்.எம்.பி. என்றனர். நெட்டையன், குட்டையன் என்று அடையாளம் சொல்வதுபோன்ற பெயர் அது. இடம் தெரியும், உருவம் ஓரளவு தெரியும், தொழில் தெரியாது என்ற நிலையில் எல்.எம்.பி. பல ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

இன்னொரு வழியில் வந்தவர்கள்

இக்காலத்தில் எலியின் மரபோடு தொடர்பற்ற வேறொரு கூட்டத்தார் வேறொரு கேள்வியைத் தொடர்ந்துகொண்டிருந்தனர். உடலின் புரதங்கள் கட்டிய வீடுபோல் நிலையானவை என்றே முன்னோர் எண்ணியிருந்தனர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற ஷோன்ஹைமர் என்ற அறிஞர், 1930களின் இறுதியில் எடை மிகுந்த நைட்ரஜனை உணவில் கலந்து எலிகளுக்குக் கொடுத்து, உடற்புரதம் ஓயாமல் அழிந்தும் புதிதாகப் பிறந்தும் வருகிறது என்று காட்டினார். அழிப்பதற்கு ஆற்றலும் செலவாகிறது என்று 1953இல் சிம்ப்சன் கண்டார். இது விந்தையாகத் தோன்றியது. வீட்டைக் கட்டக் கூலி வேண்டும். தானே இடிந்து விழக்கூடியதை இடிக்கவும் கூலியா? 1977இல் எட்லிங்கரும் கோல்டுபர்க்கும் முயலின் இளஞ்சிவப்பணுக்களில், ஆற்றலைச் செலவிட்டுப் புரதத்தை அழிக்கும் தனி ஏற்பாடு ஒன்று இருப்பதைக் காட்டினர். அழிக்கப்பட வேண்டிய புரதத்தின்மீது யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் முத்திரையாக ஒட்டப்படுகிறது என்பதை ஹெர்ஷ்கோ, சீக்கானோவர், ரோஸ் ஆகிய மூவர் கண்டறிந்து 2004இல் நோபல் பரிசு பெற்றனர்.

முத்திரை இட்டதை அறுக்கும் இயந்திரம் எது? அது பலருடைய கண்ணில் பல பெயரோடு ஏற்கெனவே பட்டிருந்தது. மாட்டின் மூளையடிச் சுரப்பியில் வில்க்கும் ஓர்லோவ்ஸ்கியும் அதைக் கண்டு, பலவிதமாக அறுக்கும் நொதித்திரள் என்றனர். பிரான்சு நாட்டில் ஷெரர் குழுவினர் அதையே கண்டு, புரோசோம் என்று பெயரிட்டு, மரபுச் செய்தியைக் கட்டுப்படுத்தும் துகள் என்று கருதினர். மின்னணு நுண்ணோக்கியில் அதை உருளையாகக் கண்டவர்கள் உருளைத்துகள் என்றனர். யானையைத் தடவிய பார்வையற்றோர் கதையை இங்கே நினைவுகூர்வது மிகையாகாது. இவை யாவும் ஒன்றே என்பது 1988இல் தெளிந்தது. புரோட்டியசோம் என்ற பெயர் நிலைத்தது. 28 புரதத் துண்டுகள், வளையத்துக்கு ஏழாக, நான்கு வளையங்களாக அடுக்கப்பட்ட ஓர் உருளை அது. அறுக்கும் கூர்முனைகள் உட்புறத்தில் மறைந்துள்ளன. ஆதலால் உள்ளே புகுத்தப்பட்ட புரதம் மட்டும் அறுபடும். வெளியில் உள்ளவை காக்கப்படும். ஆற்றல் எதற்கு என்ற பழைய கேள்விக்கும் இதில் பெரும்பங்கு விடை உண்டு: கண்டதையெல்லாம் அழிக்காமல், தேர்ந்தெடுத்து அழிப்பதற்கே அச்செலவு.

இரண்டு வழிகளும் சந்தித்த ஆண்டு

1990இல் மொனாக்கோவும் பிறரும் எச்-2 வட்டாரத்தில் புதிய இரண்டு மரபணுக்களைக் கண்டனர். அவை துணுக்குகளை உயிரணுவின் உள்ளறைக்குச் சுமந்து செல்லும் வாயிற்காவலருக்கு உரியவை. டாப்-1, டாப்-2 என்று இன்று வழங்குகின்றன. ஏந்தி நிற்கும் எச்-2 புரதத்தின் மரபணுவும் அவ்வட்டாரத்தில். துணுக்கைச் சுமப்போரின் மரபணுக்களும் அவ்வட்டாரத்தில். அப்படியானால் துணுக்கை அறுப்பவரும் இங்கேயே குடியிருக்கக் கூடுமன்றோ? டாப் மரபணுக்களை ஒட்டிக் குடியிருந்தவை யாரும் அடையாளம் காணாத எல்.எம்.பி. மரபணுக்களே.

வீட்டை வாங்குமுன் அண்டை வீட்டாரை விசாரி என்பது அரபுப் பழமொழி. ஆராய்ச்சியாளர் அதைத்தான் செய்தனர். ஆனால் விசாரணையோடு நிற்கவில்லை. எல்.எம்.பி. திரளையும் புரோட்டியசோமையும் அருகருகே வைத்து, ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பற்றுகிறதா என்று பார்த்தனர், பற்றியது. எல்.எம்.பி.-2 மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்து, ஏற்கெனவே அறியப்பட்டிருந்த புரோட்டியசோம் துண்டுகளின் வரிசையோடு ஒப்பிட்டனர். உறவு வெளிப்படையாகத் தெரிந்தது. 1991ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து ஐந்து கட்டுரைகள் வந்தன. மொனாக்கோ குழுவினர் எலியில் கண்டதையே, இலண்டனில் இருந்த ஒரு குழுவினர் மனித மரபணுக்களில் கண்டனர். மரபணுக்களின் வரிசையும் இருவகை உயிரிலும் ஒன்றே: டாப்-2, எல்.எம்.பி.-7, டாப்-1, எல்.எம்.பி.-2. சுமப்பவனும் அறுப்பவனும் ஒருவர்விட்டு ஒருவராகக் குடியிருக்கும் தெரு அது.

பெயரிழந்த ஏட்டுக்குப் பெயர் கிடைத்தது. முறைப்படி அமைந்த பெயர்ப்பட்டியலில் எல்.எம்.பி.-2 இன்று பி.எஸ்.எம்.பி.-9 எனவும், எல்.எம்.பி.-7 பி.எஸ்.எம்.பி.-8 எனவும் வழங்கும்.

ஐயமும் மறுசோதனையும்

கதை இத்துடன் முடிந்திருந்தால் கேட்க இனிமையாக இருக்கும். அறிவின் வரலாறு அத்துணை எளிதாக முடிவதில்லை. அடுத்த ஆண்டே, 1992இல், அதே 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் எதிர்வழக்காடின. டாப் மரபணுக்களும் எல்.எம்.பி. மரபணுக்களும் ஒருங்கே தொலைந்துபோன மனித உயிரணு வகை ஒன்று ஆய்வுக்கூடங்களில் உண்டு. அதில் டாப் மரபணுக்களை மட்டும் திருப்பிச் சேர்த்துப் பார்த்தனர். எல்.எம்.பி. இல்லாமலேயே துணுக்குகள் மேற்பரப்புக்கு வந்து நின்றன. அப்படியானால் எல்.எம்.பி. தேவையே இல்லையா? அண்டையில் குடியிருந்தது வெறும் தற்செயலா? சுவடியைக் கட்டியவன் தாளின் அளவைப் பார்த்துத்தான் கட்டினானா?

இந்த ஐயத்தை எழுப்பியவர்களை நாம் பாராட்ட வேண்டும். ஐந்து கட்டுரைகளின் ஆரவாரத்தில் அனைவரும் தலையசைத்திருந்தால், ஊகம் உண்மையின் இருக்கையில் அமர்ந்திருக்கும்.

விடை மீண்டும் எலியிடமிருந்தே வந்தது. குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் செயலறச் செய்து எலியைப் பிறப்பிக்கும் கலை அதற்குள் வளர்ந்திருந்தது. 1994இல் எல்.எம்.பி.-7 இல்லாத எலிகளைப் பிறப்பித்தபோது, உயிரணு மேற்பரப்பில் எச்-2 புரதம் குறைந்திருந்தது. வெளியிலிருந்து துணுக்குகளைக் கொடுத்தால் குறை தீர்ந்தது. துணுக்குகளின் பற்றாக்குறையே காரணம் என்பது இதனால் தெளிவு. அதே ஆண்டில் எல்.எம்.பி.-2 இல்லாத எலிகளையும் பிறப்பித்தனர். அவற்றில் எச்-2 குறையவில்லை. ஆயினும் இன்புளுயன்சா வைரஸின் ஒரு புரதத்துக்கு எதிரான காவல் தளர்ந்திருந்தது. ஆகவே இரு தரப்பிலும் ஓரளவு உண்மை இருந்தது. எல்.எம்.பி. இல்லாமலும் அறுக்கும் வேலை நடக்கும்; ஆனால் அறுக்கப்படும் துணுக்குகள் வேறாக இருக்கும்.

இதன் விளக்கமும் அவ்வாண்டுகளிலேயே கிடைத்தது. புரோட்டியசோமில் அறுக்கும் கூர்முனை உடைய துண்டுகள் மூன்று வகை. சாதாரண நாளில் சாதாரணத் துண்டுகள் அங்கே அமர்ந்திருக்கும். நோய் புகுந்து, காமா இன்டர்ஃபெரான் என்னும் அபாய அறிவிப்பு வந்தவுடன், புதிதாகக் கட்டப்படும் உருளைகளில் அவற்றின் இடத்தை எல்.எம்.பி.-2, எல்.எம்.பி.-7 முதலியவை பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கத்தியைப் போர்க்காலத்தில் மாற்றிக்கொள்வது போன்றது இது. இவ்வாறு மாற்றியமைந்த உருளையை நோய்க்காப்புப் புரோட்டியசோம் என்கின்றனர்.

வேறு தெருவில் இருந்த மூன்றாமவர்

மூன்று கூர்முனைகள் என்றேன். இரண்டுக்கு மாற்றுத் துண்டுகள் பதினேழாம் குரோமோசோமில் அகப்பட்டன. மூன்றாவதற்கு? அதே தெருவில் தேடினால் கிடைக்கவில்லை. மெக்கல்-1 என்று பெயர்பெற்றிருந்த ஒரு புரதம்தான் அந்த மூன்றாமவர் என்று 1996இல் தெரிந்தது. அதைக் காட்டிய மொனாக்கோ குழுவில் இருந்த தீபங்கர் நந்தி பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். மெக்கல்-1 மரபணு இருப்பது எலியின் எட்டாம் குரோமோசோமில். சாதாரணத் துண்டுகள் மூன்றின் மரபணுக்களோ பதினொன்று, பதினான்கு, இரண்டு ஆகிய குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே உருளையில் தோளோடு தோள் நின்று உழைப்பவர்கள் வெவ்வேறு ஊர்களில் பிறந்தவர்கள்! அண்டை வீட்டை மட்டும் நம்பியிருந்தால் இம்மூன்றாமவர் என்றும் அகப்பட்டிருக்க மாட்டார்.

இத்தகைய இடங்களை அக்காலத்தில் கண்டறிந்த முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூட எலியையும் ஸ்பெயின் முதலிய நாடுகளில் வாழும் வேறோர் இனக் காட்டெலியையும் இணைசேர்த்து, பிறந்த கலப்புப் பெண் எலியை மீண்டும் பெற்றோர் இனம் ஒன்றோடு சேர்ப்பர். ஜாக்சன் ஆய்வுக்கூடம் இவ்வாறு பிறந்த எலிகள் 94 கொண்ட இரு தொகுதிகளின் டி.என்.ஏ.வைச் சேமித்து வைத்து ஆய்வாளர்களுக்கு வழங்கியது. புதிய மரபணுவின் வடிவம் எந்தெந்த எலியில் எந்த இனத்தின் வழி வந்தது என்று 94 பேருக்கும் எழுதி, இடம் தெரிந்த மரபணுக்களின் பட்டியலோடு ஒப்பிடுவர். ஒரே ஓர் எலியில் மட்டும் வேறுபட்டால் தொலைவு ஒரு சென்டிமார்கனுக்குச் சற்று மேல். எந்த எலியிலும் வேறுபடாவிட்டால் இரண்டும் மிக நெருங்கியவை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து எந்த இரு மாணவர் ஒரே வீட்டிலிருந்து வருகின்றனர் என்று ஆசிரியர் ஊகிப்பதற்கு ஒப்பானது இது.

அந்த அளவுகோலும் எங்கும் சீரானதன்று. சில இடங்களில் துண்டு மாற்றம் அளவுக்கு மீறி நிகழும். அங்கே அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். அத்தகைய இடங்களுள் ஆய்வாளரிடையே பெயர்பெற்ற ஒன்று, சிலவகை எலிகளில் நம் எல்.எம்.பி.-2 மரபணுவின் பக்கத்திலேயே இருக்கிறது. 2002இல் எலியின் முழு மரபு எழுத்தும் ஏறத்தாழப் படித்து வெளியிடப்பட்ட பிறகு, எண்ணிக் கணக்கிட்ட தொலைவுகளை நேரே எழுத்தெண்ணிச் சரிபார்க்க முடிந்தது.

எலியிலிருந்து மனிதக் குழந்தைக்கு

இவ்வளவு உழைப்பும் எதற்கு என்று கேட்போர் உண்டு. ஜப்பானில் 1939இல் நகாஜோ என்ற மருத்துவரும், 1950இல் நிஷிமுரா என்பவரும் விந்தையான நோய் ஒன்றைப் பதிவு செய்தனர். குழந்தைப் பருவத்தில் குளிர்க்கொப்புளம் போன்ற தடிப்புகளோடு தொடங்கும். காய்ச்சல் விட்டுவிட்டு வரும். முகத்திலும் கைகளிலும் கொழுப்பு உருகி உடல் மெலியும். விரல்கள் நீண்டு முனை பருத்து மூட்டுகள் மடங்கிப்போகும். எழுபது ஆண்டுகள் காரணம் அறியாமல் மருத்துவர் திகைத்தனர். 2011இல் அந்நோயாளிகளிடம் எல்.எம்.பி.-7 மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படியைப் பெற்ற குழந்தைக்கே அந்நோய் வருகிறது. 1982இல் எலிச்சாற்றில் வடிந்த பெயரற்ற புரதத்தை யாரும் தேடியிராவிட்டால், 2011இல் அந்த எழுத்து மாற்றத்தின் பொருளை யார் படித்திருப்பார்?

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அம்மரபணுவை அடியோடு இழந்த எலிகளுக்கு இந்நோய் வரவில்லை. எலியும் மனிதனும் ஒரே நூலின் இரண்டு பிரதிகளாயினும், பாடபேதங்கள் உள்ளன. ஒன்றைப் படித்து மற்றொன்றுக்குத் தீர்ப்பெழுதிவிட இயலாது.

தொடங்கிய இடம்

2012இல் வெளிவந்த ஓர் ஆய்வோடு இதை நிறைவு செய்கிறேன். மாற்றுத் துண்டுகள் மூன்றும் ஒருங்கே இல்லாத எலிகளைப் பிறப்பித்துப் பார்த்தனர். அவற்றின் உயிரணுக்கள் மேற்பரப்பில் ஏந்திய துணுக்குகளில் ஏறத்தாழப் பாதி, இயல்பான எலிகளின் துணுக்குகளிலிருந்து வேறுபட்டிருந்தன. இயல்பான எலியின் அணுக்களை இவ்வெலிகளுக்குச் செலுத்தியபோது, எச்-2 அடையாளம் ஒன்றாகவே இருந்தும், அயலவர் என்று கருதி அழித்துவிட்டன.

ஒரு குலத்தின் திசுவை மற்றொரு குலம் ஏன் மறுக்கிறது என்ற கேள்வியோடுதான் கோரரும் ஸ்னெலும் புறப்பட்டார்கள். முக்கால் நூற்றாண்டுக்குப் பின், அக்கேள்வியின் வட்டாரத்திலேயே பெயரிழந்து கிடந்த மரபணு, அதே மறுப்பைத் தானும் விளைவிக்க வல்லது என்று மெய்ப்பிக்கப்பட்டது. 1991இல் அண்டை வீட்டைப் பார்த்துச் சொன்ன ஊகம் சரியே. ஆனால் அதைச் சரியென்று சொல்லும் உரிமை 1992இன் மறுப்பையும் 1994, 2012ஆம் ஆண்டுகளின் சோதனைகளையும் கடந்த பிறகே கிடைத்தது. இடம் அறிந்தவன் எங்கே தேடுவது என்று அறிவான். பெயர் எழுதும் உரிமையோ ஏட்டைப் படித்து, ஒப்பிட்டு, எதிர்வழக்கையும் கேட்டு முடித்தவனுக்கே உரியது. மரபணு ஆய்வாளருக்குப் போலவே, பழஞ்சுவடியைக் கையில் எடுக்கும் மாணவருக்கும் இது பொருந்தும்.